ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் சேர என்ன செய்யணும்? நல்ல சிஜிபிஏ இருந்தும் பலருக்கு ஏன் கிடைப்பதில்லை?

பெரும்பாலும் நிராகரிப்புக்குக் காரணம் மதிப்பெண் அல்ல, பாடப் பொருத்தம். தேவைப்படும் கிரெடிட் கணக்கை ஒவ்வொரு மாஸ்டர்ஸும் தன் விதிகளில் எழுதி வைத்திருக்கும். கணிதத்தில் இத்தனை, தியரிட்டிகல் கம்ப்யூட்டர் சயின்ஸில் இத்தனை என்று. அதில் குறைந்தால் 9.5 சிஜிபிஏவும் உதவாது. விண்ணப்பிக்கும் முன் இதைத்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அங்கே ஓராண்டுப் படிப்பு 60 ஈசிடிஎஸ், அதாவது ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் பொதுக் கிரெடிட் அலகு. நம் நான்காண்டு பிஇ 240க்குச் சமம் என்று எடுத்துக்கொண்டால், உங்கள் பட்டம் மொத்தம் 160 கிரெடிட் என்றால் ஒரு கிரெடிட் 1.5 ஈசிடிஎஸ். நான்கு கிரெடிட் பேப்பர் 6 ஆகும். ஒவ்வொரு பேப்பரையும் இப்படி மாற்றி, அவர்கள் கேட்கும் பிரிவின் கீழ் எழுதிப் பாருங்கள். இறுதிக் கணக்கு பல்கலைக்கழகத்தின் கையில்தான், ஆனாலும் ஓட்டை எங்கே என்று அப்போதே தெரிந்துவிடும். பேப்பரின் பெயரை மட்டும் வைத்து எதுவும் புரியாது என்பதால் சிலபஸையும் தயாராக வையுங்கள். மூன்றாண்டு பிஎஸ்சி முடித்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்கணும்: மூன்று செமஸ்டர் மாஸ்டர்ஸ்கள் பொதுவாக 210 ஈசிடிஎஸ் கேட்கும், உங்களிடம் அதிகபட்சம் 180தான்.

கிரேடு மாற்றம் தனிக் கதை. அங்கே 1.0தான் உச்சம், 4.0 என்றால் ஜஸ்ட் பாஸ். நம் ஊர் அளவின் உச்சப் புள்ளியான 10லிருந்து உங்கள் புள்ளியைக் கழித்து, உச்சத்துக்கும் பாஸ் புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டணும். 8 சிஜிபிஏ, பாஸ் புள்ளி 5 என்றால் 2.2 வரும். பாஸ் புள்ளியை 4 என்று எடுத்தால் அதே 8க்கு 2.0. மதிப்பெண் பட்டியலில் பாஸ் புள்ளி அச்சாகவில்லை என்றால் கல்லூரியில் கடிதம் வாங்கிவிடுங்கள்.

அடுத்து ஏ.பி.எஸ். சான்றிதழ், அதாவது உங்கள் கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று ஜெர்மன் தரப்பு சரிபார்த்துத் தரும் சான்று. இந்திய மாணவர்களின் விசாவுக்கு இது 2022 நவம்பரிலிருந்து கட்டாயம். கைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம், அதனால் முதல் வேலையாக இதைத் தொடங்குங்கள். அக்டோபரில் தொடங்கும் குளிர்கால செமஸ்டருக்குக் கடைசி நாள் ஜூலை 15 என்று எல்லா இடத்திலும் படிப்பீர்கள். நம்பி உட்காராதீர்கள், வெளிநாட்டவருக்கு மே 31லேயே மூடும் படிப்புகள் உண்டு. பல பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான விண்ணப்ப மையமான யூனி அசிஸ்ட் வழியாகப் போனால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30.

ஜெர்மனியில் படிப்பு 'இலவசம்' என்பது பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களுக்குப் பொருந்தும், செமஸ்டர் கட்டணம் மட்டும் கட்டணும். ஆனால் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் நம்மவர்களுக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ கல்விக் கட்டணம் உண்டு. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலத்திலிருந்து வெளிநாட்டவரிடம் கட்டணம் வாங்குகிறது. விசாவுக்குப் பிளாக்டு அக்கவுண்டில் (செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு முடக்கி வைக்கும் கணக்கு) 11,904 யூரோ காட்டணும், மாதம் 992 வீதம் அங்கே போனபின் எடுக்கலாம். 30 வயதைக் கடந்தவர்களுக்குப் பொதுக் காப்பீட்டின் மாணவர் கட்டணம் கிடையாது, அதையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

சேர்ந்த பிறகு ஒரு எச்சரிக்கை: நம் ஊர் அரியர் பழக்கம் அங்கே செல்லாது. பெரும்பாலான இடங்களில் ஒரு கட்டாயப் பாடத்துக்கு மூன்று வாய்ப்புதான். மூன்றாவதிலும் தவறினால் பெயரை நீக்கிவிடுவார்கள், அதே படிப்பை ஜெர்மனியில் வேறு எங்கும் தொடர்வதும் கடினம். தயாராகவில்லை என்றால் கெடு முடியும் முன் தேர்வுப் பதிவை ரத்து செய்துவிடுங்கள், அது தோல்விக் கணக்கில் சேராது.