டிஎன்ஏ ஏன் சிக்கு விழுவதில்லை?

கேள்வி: ஒரு செல்லுக்குள் இரண்டு மீட்டர் டிஎன்ஏ இருக்கிறதாம். என் தலைமுடியே காலையில் சீப்புக்கு அடங்குவதில்லை, அது மட்டும் எப்படிச் சிக்கில்லாமல் பிரிகிறது? ஹிஸ்டோன் என்ற புரதத்தில் சுற்றியிருப்பதாகப் பாடத்தில் வருகிறது. அது போதுமா?
– ப்ளஸ் டூ மாணவி, தேனி

பதில்: போதாது. ஹிஸ்டோனில் சுற்றினால் நீளம் குறையும், அவ்வளவுதான். செல் பிரியும் நேரத்தில் 46 குரோமோசோம்களையும் தனித்தனிக் கட்டாகக் கட்ட வேறு ஆள் வேண்டும், அதுதான் கண்டென்சின். சுமார் 50 நானோமீட்டர் நீளத்தில், முறுக்கிய கயிறுபோல இரண்டு புரதங்கள். ஒரு முனையில் கதவுக்கீல் மாதிரி சேர்ந்திருக்கும், மறுமுனையில் ஏடிபியை (செல்லின் எரிபொருள் மூலக்கூறு) உடைக்கும் தலைகள். அந்தத் தலைகளை இணைத்து வளையமாக்குவது கிளெய்சின் என்ற புரதம் (அமினோ அமிலம் கிளைசின் வேறு, பரீட்சையில் குழப்பிக்கொள்ளாதீர்கள்).

ஒரு வளையலை நூல் மேல் வைத்து, அதன் வழியாக நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுங்கள். கண்ணி ஒன்று பெரிதாகிக்கொண்டே வரும். கண்டென்சின் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான், ஏடிபி செலவில். ரொம்ப நாள் ஊகமாகவே இருந்த இதை 2018இல் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் கேஸ் டெக்கர் குழுவும் ஜெர்மனியில் கிறிஸ்டியன் ஹேரிங் குழுவும் சேர்ந்து படமே எடுத்துவிட்டார்கள்: டிஎன்ஏவின் இரு முனைகளையும் கண்ணாடியில் ஒட்டி, சாயமேற்றி, ஈஸ்ட்டிலிருந்து எடுத்த கண்டென்சினைச் சேர்த்தால், நூலில் ஓரிடம் புள்ளியாகத் தடித்து, அப்புறம் கண்ணியாக நீள்கிறது, அதுவும் ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே இழுத்து, வினாடிக்கு 1,500 கார இணைகள் (டிஎன்ஏ ஏணியின் படிகள்) வரை! மீறி விழுகிற சிக்கை வெட்டி ஒட்ட டோபோஐசோமரேஸ் என்ற நொதி தனியாக இருக்கிறது.

கேள்வி: இந்த வளையம் மனிதர்களுக்கு மட்டும்தானா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: பாக்டீரியாவிலேயே இருக்கிறது சார். பேசில்லஸ் சப்டிலிஸில் ஒரே வகை வளையம், ஈ.கோலையில் அதன் தூரத்துச் சொந்தமான முக்பி. அதாவது செல்லுக்கு உட்கரு வருவதற்கு முன்பே இது வந்துவிட்டது. நம் வகைச் செல்களில் அந்தப் பழைய மரபணு நகலாகி நகலாகி ஆறாகி, இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்தது. அவற்றுக்கு 1 முதல் 6 வரை எண். 2ம் 4ம் கண்டென்சின், 1ம் 3ம் கொஹீசின், 5ம் 6ம் டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் வேலையில்.

எனக்குப் பிடித்தது கொஹீசின். நகலெடுத்த இரண்டு குரோமோசோம்களையும் பிரியும் நேரம் வரும்வரை சேர்த்துப் பிடித்திருந்து, செப்பரேஸ் என்ற நொதி கிளெய்சினை வெட்டியதும் விடும். பெண்ணின் கருமுட்டையில் இந்த வளையங்கள் மாட்டப்படுவது அவள் பிறப்பதற்கு முன்பே. எலிகளில் பார்த்தவரை அப்புறம் புதிதாக மாட்டுவதில்லை. தாயின் வயது ஏற ஏற டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பு கூடுவதற்கு இவை தேய்ந்துபோய்க் குரோமோசோம்கள் தவறாகப் பிரிவதும் ஒரு முக்கியக் காரணம் என்கிறார்கள். உங்களை உருவாக்கிய முட்டைக்கு வளையம் மாட்டியபோது உங்கள் அம்மா இன்னும் பாட்டியின் வயிற்றில்தான் இருந்தார்.