கேள்வி – பதில்: மதுரைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் யார்?

கேள்வி: பழைய மாணவர் மலருக்காக, மதுரைப் பல்கலைக்கழகத்தில் படித்த எழுத்தாளர், தொழிலதிபர் பட்டியலைத் தொகுக்கிறோம். மு.வ., அப்துல் ரகுமான், கருமுத்து தியாகராசர், டி.வி.சுந்தரம் அய்யங்கார், ஷிவ் நாடார் ஆகியோரைச் சேர்த்துவிட்டோம். சரிதானா?
– திருமங்கலம் வாசகர்

பதில்: இந்த ஐவரில் ஒருவர்கூட அங்கே பட்டம் வாங்கியவர் இல்லை! பல்கலைக்கழகம் பிறந்ததே 1966இல்தான். அதற்கு முன் மதுரைக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இருந்தன. தெப்பக்குளம் தியாகராசர் கல்லூரியில் தமிழ் படித்த அப்துல் ரகுமான், மதுரைப் பல்கலைக்கழகம் வருமுன்பே வாணியம்பாடியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். ஷிவ் நாடார் அமெரிக்கன் கல்லூரியில் படித்தது பி.யூ.சி. எனும் புகுமுக வகுப்பு; பொறியியல் பட்டம் கோவை பி.எஸ்.ஜி.யில். மு.வ. மாணவர் அல்ல, துணைவேந்தர். 1971இல் வந்தார், 1974இல் பதவியில் இருக்கும்போதே காலமானார். (முதல் துணைவேந்தர் அவர்தான் என்று பலர் எழுதுகிறார்கள். அது தெ.பொ.மீனாட்சிசுந்தரனார்.) கருமுத்து தியாகராசரோ கல்லூரிகளை நிறுவியவர்: 1949இல் கலைக் கல்லூரி, 1957இல் திருப்பரங்குன்றத்தில் பொறியியல் கல்லூரி. டி.வி.எஸ். ஊருக்குப் பேருந்து தந்தவர், அவ்வளவுதான்.

ஆகவே 'படித்தவர்', 'பணியாற்றியவர்', 'நிறுவியவர்' என்று மூன்று பட்டியலாகப் பிரியுங்கள். படித்தவருக்குக் கல்லூரிப் பெயரை முதலில் போடுங்கள், அது மாறாது. பல்கலைக்கழகத்தின் பெயரைப் பட்டச் சான்றிதழைப் பார்த்தே எழுதுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரில் 'காமராசர்' சேர்ந்தது 1978இல். 1970இல் எம்.ஏ. முடித்தவருக்கு அந்தப் பெயரைப் போட்டால் தப்பு. நெல்லை, தூத்துக்குடி, குமரிக்காரர்கள் என்றால் கூடுதல் கவனம் வேண்டும்: 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்ததும் அந்தப் பக்கத்துக் கல்லூரிகள் அங்கே போய்விட்டன.

இன்னொரு சிக்கல் புனைபெயர். கல்லூரிப் பதிவேட்டில் கவிஞர் 'இன்குலாப்' என்று தேடினால் கிடைக்காது, சாகுல் அமீது என்று தேட வேண்டும். 'மீரா'வுக்கு மீ.ராசேந்திரன். மீராவை விட்டுவிடாதீர்கள், கவிஞர், சிவகங்கையில் பேராசிரியர், 'அன்னம்' பதிப்பகம் நடத்தியவர். எழுத்தையும் தொழிலையும் ஒரே தோளில் சுமந்த அவரை எந்தத் தலைப்பில் வைப்பது என்றுதான் நீங்கள் சண்டை போட வேண்டியிருக்கும்.

கேள்வி: மதுரா மில், மீனாட்சி மில் இரண்டும் ஒன்றா?
– ஹார்விபட்டி வாசகி

பதில்: உங்கள் ஊர்ப் பெயரே பாதி பதில். மதுரா மில் என்ற நூற்பாலை வெள்ளைக்கார ஹார்வி சகோதரர்களுடையது. பழைய ஆட்கள் வாயில் அது 'ஆர்வி மில்'. தொழிலாளர் குடியிருப்பாக எழுந்ததுதான் உங்கள் ஹார்விபட்டி. பின்னாளில் கோட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 'மதுரா கோட்ஸ்' ஆனது. மீனாட்சி மில் கருமுத்து தியாகராசருடையது. தெப்பக்குளம் கல்லூரிக்குப் பின்னால் இருந்தது அந்தப் பஞ்சுக் காசு, வெள்ளைக்காரன் காசு அல்ல.

கேள்வி: பாரதியார் மதுரைத் தமிழ்ச் சங்கத்திலா வேலை பார்த்தார்?
– மேலூர் வாசகர்

பதில்: இல்லை. வடக்கு வெளி வீதி சேதுபதி பள்ளியில், 1904 ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை, தற்காலிகத் தமிழாசிரியராக. சங்கம் 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவியது.