ஐந்தாம் மாத ஸ்கேனில் ‘குழந்தையின் சிறுநீரகத்தில் லேசான விரிவு’ என்று எழுதினால் என்ன பொருள்?

சிறுநீரகத்தில் உருவாகும் சிறுநீர் குழாய்க்குள் இறங்குமுன் வந்து சேரும் சிறு பையைச் சிறுநீரக இடுப்பு என்பார்கள். அது வழக்கத்தைவிடச் சற்று அகன்று தெரிவதே இந்த விரிவு. 28 வாரங்களுக்கு முன் 4 மில்லிமீட்டருக்கும், அதன் பின் 7 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் இயல்பு என்று கொள்வது பரவலான வழக்கம்.

குறுகிய வாயுள்ள புட்டியில் புனல் வைத்து எண்ணெய் ஊற்றும்போது, அடைப்பு எதுவும் இல்லாமலேயே எண்ணெய் சிறிது நேரம் புனலில் தேங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கருவின் குழாய்கள் இன்னும் முதிராதவை என்பதால் அங்கும் அப்படித்தான் நடக்கிறது. லேசான விரிவுகளில் பெரும்பாலானவை பிறப்பதற்குள்ளோ முதல் ஓரிரு ஆண்டுகளிலோ தாமாகவே சரியாகிவிடுகின்றன. சிலவற்றில் மட்டும் உண்மையான அடைப்போ, சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் மேல்நோக்கித் திரும்பும் கோளாறோ இருக்கும். தானாகச் சரியாகும் விரிவையும் கோளாறால் வரும் விரிவையும் ஒரே படத்தைக் கொண்டு பிரித்தறிய முடியாததால்தான் மருத்துவர் உறுதியாகச் சொல்லாமல் மறு ஸ்கேனுக்கு வரச் சொல்கிறார். அது மழுப்பல் அன்று. இரு சிறுநீரகங்களும் விரிந்து, பனிக்குட நீரும் குறைந்திருந்தால் கவனம் கூடும்; ஏனெனில் ஐந்தாம் மாதத்தில் அந்த நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீரே.

பிறந்த முதல் இரண்டு நாட்களில் குழந்தைக்குச் சிறுநீர் குறைவாகவே சுரப்பதால் அப்போது எடுக்கும் ஸ்கேன் விரிவைக் குறைத்துக் காட்டக்கூடும். எனவே அவசரமில்லாத நிலையில் 48 மணி நேரம் கழித்தே எடுப்பார்கள்.

இந்த விரிவைக் குறிக்கும் ‘சிறுநீரக வீக்கம்’ என்ற சொல்லைக் கேட்டுச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று பலர் அஞ்சுகிறார்கள்; அச்சொல் குறிப்பது பையின் அகலத்தை மட்டுமே, சிறுநீரகத்தின் செயலிழப்பை அன்று.