சிலந்திக்காக இப்போது ஏன் கலங்குகிறேன்?

கேள்வி: பள்ளி நாட்களில் படித்த 'சார்லட்ஸ் வெப்' நாவலை இப்போது என் மகளுக்கு இரவுதோறும் ஓர் அத்தியாயமாக வாசித்துக் காட்டுகிறேன். அன்று பன்றிக்குட்டி பிழைத்ததில் மகிழ்ந்த நான், நேற்றிரவு சிலந்தி இறக்கும் இடத்தில் குரல் உடைந்து நிறுத்திவிட்டேன். கதை மாறவில்லையே, ஏன் இப்படி?
- வாசகி, திருச்சி

பதில்: சிறுவயதில் நீங்கள் வில்பர் என்ற பன்றிக்குட்டியாக இருந்து, நம்மை யாராவது காப்பாற்ற வருவார்களா என்ற அச்சத்தோடு படித்தீர்கள், இப்போதோ இன்னோர் உயிரைக் காக்க இரவில் கண்விழித்து வலையில் எழுத்துகளைப் பின்னும் சிலந்தி சார்லட்டின் பக்கம் வந்து சேர்ந்திருக்கிறீர்கள். 1952இல் வெளிவந்த இந்நூலை எழுதிய ஈ. பி. வைட், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பண்ணை வைத்திருந்தவர். இறைச்சிக்காக வளர்த்த பன்றி நோயுற்றபோது அதைப் பிழைக்க வைக்கப் போராடித் தோற்றதை அவர் 1948இல் கட்டுரையாக எழுதினார். அதைப் படித்த பிறகு, வில்பர் உயிர் தப்புவதை என்னால் வெறும் குழந்தைக் கதையின் முடிவாகப் பார்க்க முடியவில்லை.

மருத்துவர் டோரியன் வரும் அத்தியாயத்தையும் மீண்டும் பாருங்கள். விலங்குகளோடு பேசும் மகளை எண்ணிக் கவலைப்படும் தாயிடம், வலையில் தோன்றிய எழுத்துகளைவிடச் சிலந்தி வலை பின்னுவதே அதிசயம் என்று அவர் விளக்கும் பகுதியைச் சிறுவர்கள் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடுவார்கள். அது உங்களுக்காகவே காத்திருந்தது.

மகளிடம் கண்ணீரை மறைக்க வேண்டாம். சார்லட்டின் 514 முட்டைகளும் பொரிந்து, மூன்று குஞ்சுகள் மட்டும் தொழுவத்தில் தங்கிவிடும் கடைசி அத்தியாயம் இன்னும் மீதமிருக்கிறது. இன்றிரவே அதை வாசித்துக் காட்டுங்கள்.