ஏஜென்ட் சொன்னதை விடு, ஆஃபர் லெட்டரைக் காட்டு

குடியாத்தத்திலிருந்து எழுதியிருக்கும் தங்கைக்கு,

கணக்கில் எம்.எஸ்சி., பி.எட்., காட்பாடிப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆறு வருஷ அனுபவம். இப்போது ஷார்ஜாவில் ஒரு 'இன்டர்நேஷனல் ஸ்கூல்' கூப்பிடுகிறது. ஏஜென்ட் எண்பதாயிரம் கேட்கிறார், விசிட் விசாவில் ஏறி வந்துவிடு, வந்தபின் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். போகலாமா, பள்ளி நல்ல பள்ளியா என்று எப்படித் தெரிந்துகொள்வது, ஐபி என்கிற சர்வதேசப் பாடத்திட்டத்துக்கான பயிற்சியை முடித்துவிட்டு வர வேண்டுமா, வெயில் தாங்குமா, பெண் தனியாக இருக்கலாமா, நம்ம சாப்பாடு கிடைக்குமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறாய். அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

கடைசி மூன்றையும் முதலில் தள்ளிவிடுகிறேன். அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் பேப்பர் திருத்தும் சென்டருக்குப் போய்வந்தவளுக்கு வெயிலைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆகஸ்டில் கடல் புழுக்கம் சேரும், அது மட்டும் புதுசு. பெண் தனியாக இருக்கலாம், ஆயிரக்கணக்கில் இருக்கிறோம். சாப்பாடு எல்லாம் கிடைக்கும், முள்ளுக் கத்தரிக்காயைத் தவிர. போதுமா?

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்த 'விசிட் விசா' என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறியது.

நான் ஆற்காட்டிலிருந்து 2005இல் இங்கே, ஷார்ஜா இருக்கும் இதே அமீரகத்துக்கு வந்தேன். என்னையும் விசிட் விசாவில்தான் வரவழைத்தார்கள். அந்தக் காலத்துச் சட்டப்படி வேலை விசாவுக்கு மாற நாட்டை விட்டு வெளியே போய்த் திரும்ப வேண்டும். ஊருக்கு அனுப்பினால் டிக்கெட் செலவு அதிகம் என்று பள்ளிக்காரர்கள் எங்களை கீஷ் தீவுக்கு அனுப்பினார்கள். ஈரானுக்குச் சொந்தமான தீவு, அங்கே இறங்க விசா வேண்டாம். முந்தின வருஷம் 2004 பிப்ரவரியில்தான் கீஷிலிருந்து ஷார்ஜாவுக்கு வந்த விமானம் விழுந்து 43 பேர் செத்திருந்தார்கள். அதே வழியில் சின்ன விமானத்தில் ஏறும்போது எங்கள் யாருக்கும் வாய் திறக்கவில்லை. இறங்கியதும் பெண்கள் தலையை மூட வேண்டும். ஹோட்டல் என்று பெயர், ஒரே அறையில் பிலிப்பினோ பெண்கள், ஒரு கொல்லம் டீச்சர், நான். தினமும் காலையில் வரவேற்பறையில் போய் விசா ஃபேக்ஸ் வந்ததா என்று கேட்பதுதான் வேலை. பள்ளி கோடை விடுமுறையில் மூடியிருந்தது. மூடியிருக்கும்போது எங்களுக்குச் சம்பளம் ஓடாமல் இருப்பதுதான் அவர்கள் கணக்கு என்று பிறகு புரிந்தது. கையிலிருந்த டாலர் கரைந்துகொண்டே வந்தது. கொல்லத்து டீச்சர் தன் பிஸ்கட் பாக்கெட்டைப் பாதி பாதியாகப் பங்கு வைத்தாள். இன்றைக்கும் அவள் பிள்ளைகளுக்கு நான்தான் கெமிஸ்ட்ரி சந்தேகம் தீர்க்கிறேன்.

இப்போது கீஷுக்குப் போக வேண்டியதில்லை, இங்கே இருந்தபடியே விசா மாற்றலாம். ஆனால் தொல்லை வேறு வேஷத்தில் வருகிறது. விசிட் விசாவில் வகுப்பு எடுத்தால் அது சட்டவிரோதம். பிடிபட்டால் அபராதமும் நாடுகடத்தலும் உன் தலையிலும் விடியலாம். விசா காலம் முடியப்போகிறது என்று தெரிந்த பள்ளி, பேசிய சம்பளத்தில் பாதியைச் சொல்லும், நீயும் கையெழுத்துப் போடுவாய், வேறு வழி இருக்காது. அதனால் வேலைக்கான என்ட்ரி பெர்மிட் கைக்கு வந்தபிறகுதான் விமானம் ஏற வேண்டும். அதற்கும் முன்னால் இங்கத்திய மனிதவள அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டர் வரும். அரபியும் ஆங்கிலமும் பக்கம் பக்கமாக இருக்கும். பள்ளியின் லெட்டர்ஹெட்டில் வருவது வேறு, அது வேறு. வழக்கு என்று போனால் பேசப்போவது அமைச்சகத்துத் தாள்தான். இரண்டிலும் சம்பளம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்.

எண்பதாயிரம் விஷயம். இந்த நாட்டில் 2022 பிப்ரவரியிலிருந்து நடப்பில் உள்ள தொழிலாளர் சட்டப்படி, ஆள் எடுக்கும் செலவு முழுக்க முதலாளியுடையது. தொழிலாளியிடம் நேராகவோ சுற்றிவளைத்தோ வாங்கக் கூடாது. நம்ம நாட்டுச் சட்டத்திலோ பதிவுபெற்ற ஏஜென்ட் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், அதுவும் ரசீதோடு. எண்பதாயிரம் எந்தக் கணக்கு? ஏஜென்டிடம் லைசென்ஸ் எண்ணைக் கேட்டு இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடிப் பார். 'நம்ம ஆரணி ஆள்தான், சித்தப்பாவுக்குத் தெரிஞ்சவர்' என்று உன் வீட்டில் சொல்வார்கள். நான் பார்த்தவரை ஏமாந்தவர்கள் எல்லோரும் தெரிந்தவரிடம்தான் ஏமாந்தார்கள், தெரியாதவனிடம் நம்ம ஜனம் ரசீது கேட்டுவிடும். அரசு வழியாகவே போக வேண்டுமென்றால் சென்னையில் ஓஎம்சிஎல் இருக்கிறது, 1978இலிருந்து நடக்கும் தமிழக அரசு நிறுவனம்.

இப்போது பள்ளி. தண்ணியில்லா ஆறு, ராஜா இல்லா கோட்டை, சாமி இல்லா கோயில் என்று நம்ம வேலூரைச் சொல்வார்களே, அந்த வரிசையில் சேர்க்க வேண்டியது இன்டர்நேஷனல் இல்லாத இன்டர்நேஷனல் ஸ்கூல். (கோட்டைக் கோயிலுக்கு 1981இல் சாமி வந்துவிட்டார், இவர்களுக்கு இன்னும் வரவில்லை.) போர்டில் அந்தப் பெயரை எழுத யாரும் தடுப்பதில்லை, ஊரில் ஆம்பூர் தாண்டினாலே பார்க்கிறோம். நீ கேட்க வேண்டியது எந்தப் பாடத்திட்டம் என்று. சிபிஎஸ்இ என்றால் போர்டின் தளத்தில் வெளிநாட்டுப் பள்ளிகளின் பட்டியல் இருக்கிறது. ஐபி என்றால் ஜெனீவாவில் 1968இல் தொடங்கிய அமைப்பு, அதன் தளத்தில் பள்ளியின் பெயரும் எந்தெந்தப் பிரிவுக்கு அனுமதி என்பதும் இருக்கும். 'கேண்டிடேட் ஸ்கூல்' என்று இருந்தால் இன்னும் அனுமதி வரவில்லை என்று அர்த்தம். கேம்பிரிட்ஜுக்கும் அதே மாதிரி பார்க்கலாம். அதற்கு மேல் இங்கே அரசே பள்ளிகளை ஆய்வு செய்து அறிக்கையை வெளியிடுகிறது. அதைச் செய்யும் அரசு அமைப்பு துபாய்க்கு கேஎச்டிஏ, அபுதாபிக்கு அடெக், ஷார்ஜாவுக்கு ஸ்பியா. அறிக்கையில் தரத்தைப் பார்த்து நிறுத்திவிடாதே. ஆசிரியர் எத்தனை பேர், வருஷத்துக்கு எத்தனை பேர் விலகுகிறார்கள் என்ற தகவலும் பல அறிக்கைகளில் இருக்கும். மூன்றில் ஒரு பங்கு ஆசிரியர்கள் வருஷா வருஷம் மாறுகிறார்கள் என்றால் கட்டடத்தில் நீச்சல்குளம் இருந்து என்ன?

நல்ல பள்ளி உன்னிடம் நிறையக் கேட்கும். போலீஸ் கிளியரன்ஸ் கேட்கும், உன் பிரின்ஸ்பாலிடம் நேராகப் பேசும், சான்றிதழ் கேட்கும். 'ஒரு பிள்ளை வந்து வீட்டில் அடிக்கிறார்கள், யாரிடமும் சொல்லாதீங்க மிஸ் என்றால் என்ன செய்வாய்?' என்று நேர்காணலில் கேட்பார்கள். ரகசியம் காப்பேன் என்று சொன்னால் அங்கேயே முடிந்தது. கேட்டதை அப்படியே எழுதி அன்றைக்கே பள்ளியில் அதற்கென்று இருக்கும் பொறுப்பாளரிடம் கொடுப்பேன் என்பதுதான் விடை. ஒன்றுமே கேட்காமல் பத்து நிமிஷ வாட்ஸப் காலில் வேலை கொடுக்கிற பள்ளிக்கு ஆசிரியர் வேண்டாம், வகுப்பில் நிற்க ஓர் ஆள் வேண்டும்.

வேலைக்கு எடுக்கும் முன் நடத்திக் காட்டச் சொல்லும் டெமோ வகுப்பு பற்றி ஒன்று. நம்ம பக்கத்தில் கணக்கு டீச்சர் என்றால் போர்டில் ஒரு கணக்கு, அதே மாதிரி இன்னொன்று, மூன்றாவதை நோட்டில் எழுது. இங்கே அது எடுபடாது. பிள்ளைக்குப் புரிந்தது என்று உனக்கு எப்படித் தெரியும், வேகமாக முடித்தவனுக்கு என்ன கொடுப்பாய், தடுமாறுகிறவளுக்கு என்ன கொடுப்பாய், இதைத்தான் பார்ப்பார்கள். முதல் வருஷம் என் வகுப்பின் பின்வரிசையில் சூப்பர்வைசர் உட்கார்ந்து, நான் பேசிய நிமிஷங்களை எழுதி என்னிடமே நீட்டினாள். பத்தே மாதத்தில் அதே சூப்பர்வைசர் புது டீச்சர்களை என் வகுப்பைப் பார்க்க அனுப்பினாள். மலையாளம் பேசவும் படிக்கவும் ஸ்டாஃப் ரூமிலேயே கற்றேன். கார் ஓட்டக் கற்றேன், இந்த ஊர் டிரைவிங் டெஸ்ட் எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்கள் தலையாட்டுவார்கள்.

ஐபி பயிற்சிக்கு இப்போது ஒரு பைசா செலவழிக்காதே. பள்ளி எடுத்துக்கொண்டால் அதுவே ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பும். ஊரில் விற்கிற 'இன்டர்நேஷனல் டீச்சர் டிப்ளமா'க்களை இங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சம்பளத் தாளில் மொத்தத்தைப் பார்க்காதே, பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், எவ்வளவு என்று பார். வேலை விட்டுப் போகும்போது தருகிற கிராஜுவிட்டி பேசிக்கை வைத்துத்தான். முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் ஒன்றுக்கு 21 நாள் பேசிக், அதற்குப் பிறகு 30 நாள். மொத்தம் 4,000 திர்ஹாம் என்று எழுதி பேசிக்கை 1,500 என்று வைத்தால் வருஷத்துக்கு 1,050தான் சேரும். பேசிக் 3,000 என்றால் 2,100. இந்த ஒரு கட்டத்தில் எத்தனை டீச்சர்களின் பத்து வருஷ உழைப்பு பாதியாகிப் போனதைப் பார்த்திருக்கிறேன். பிறகு, ஜூலை ஆகஸ்ட் சம்பளம் உண்டா என்பதை எழுத்தில் வாங்கு. செப்டம்பரில் எடுத்து ஜூனில் அனுப்பிவிடும் பள்ளிகள் இருக்கின்றன. வாரத்துக்கு எத்தனை பீரியட், பஸ் ட்யூட்டி யாருக்கு, லீவு போட்டவர்கள் வகுப்பு யார் தலையில் என்றும் கேள். கேட்டால் வேலை போய்விடும் என்று பயப்படாதே, கேட்டதற்கே கோபப்படுகிற பள்ளி உள்ளே போனபின் என்ன செய்யும்? பாஸ்போர்ட்டை ஆபீசில் கொடு என்றால் கொடுக்காதே, அப்படி வாங்கி வைப்பது இங்கே சட்டப்படி தப்பு. என்னுடையதை முதல் பள்ளியில் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். என் அப்பா இறந்தபோது சாவி வைத்திருந்தவர் லீவில் போயிருந்தார். பத்தாம் நாள் காரியத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கென்றே உள்ள தொல்லை, பெயர். சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்து, ஆதாரில் இன்னொரு மாதிரி. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் 2022 நவம்பரிலிருந்து அமீரகத்து விசிட் விசாவுக்கே தகராறு. இதை இன்றைக்கே சரிபார். சான்றிதழ்களை அட்டெஸ்டேஷனுக்கும், அதாவது அசல்தான் என்று முத்திரை வாங்கவும், முன்கூட்டியே கொடு: மாநில அரசு, டெல்லி வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், கடைசியில் இங்கே வந்து இன்னொரு முத்திரை. தூதரக முத்திரை வேண்டாம், டெல்லி வெளியுறவு அமைச்சகம் தருகிற அப்போஸ்டில் என்ற சான்றே போதும் என்று ஏஜென்ட் சொன்னால் ஓமனுக்கும் பஹ்ரைனுக்கும் போதும், இங்கே போதாது. பி.எட். அஞ்சல் வழியில் முடித்ததா, கல்லூரிக்குப் போனதா என்று நீ எழுதவில்லை. அஞ்சல் வழி என்றால் பள்ளியிடம் முதலிலேயே சொல்லிவிடு.

இன்னொன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரே ஸ்டாஃப் ரூமில் ஒரே பாடத்துக்கு, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு ஒரு சம்பளம், நமக்கு ஒரு சம்பளம். என் வகுப்புப் பிள்ளைகள் ஐஜிசிஎஸ்இயில், நம்ம பத்தாம் வகுப்பு மாதிரியான பிரிட்டிஷ் பாடத்திட்டத் தேர்வில், ஏ-ஸ்டார் வாங்குவார்கள், பக்கத்து அறையில் வீட்டு வாடகையும் சேர்த்து வாங்குகிறவரின் பிள்ளைகள் சாயங்காலம் என்னிடம் சந்தேகம் கேட்க வருவார்கள். இதை மாற்ற என்னால் ஆகவில்லை. தெரிந்துகொண்டு வா, அவ்வளவுதான். அதைவிட எரிச்சல் நம்மவர்கள். புர்ஜ் கலீஃபா முன்னால் நின்று போட்டோ போடுவார்கள், சம்பளம் என்ன என்று கேட்டால் 'காட் இஸ் கிரேட்' என்பார்கள். பார்ட்டிஷன் போட்ட அறையில் படுத்துக்கொண்டு ஊருக்கு 'வில்லா' என்று சொல்வார்கள். அதைக் கேட்டுத்தான் அடுத்தவள் எண்பதாயிரத்தைத் தூக்கிக்கொண்டு ஏஜென்டிடம் போகிறாள். மலையாளிகளிடம் இது குறைவு. எந்தப் பள்ளியில் சம்பளம் எந்தத் தேதிக்கு வரும் என்பது வரை புதிதாக வருபவளிடம் சொல்லிவிடுவார்கள்.

இங்கே எல்லாம் கண்ணீர்தான் என்று நினைத்துவிடாதே. ஷார்ஜாவில் 2022இலிருந்து வாரம் நாலு நாள்தான் பள்ளி. வெள்ளிக்கிழமை காலையில் நான் தூங்கி எழுந்து, ஊரிலிருந்து வந்த மக்கன் பேடா டப்பாவைத் திறந்து, கொல்லத்துக்காரிக்கு போன் போட்டு, இரண்டு பேருமாக மீன் மார்க்கெட் போவோம். முதன்முதலில் அவள் வீட்டுக்கு பேடா எடுத்துப் போனபோது 'இது நம்ம குலாப் ஜாமூன் அல்லே' என்றாள். ஆற்காட்டுக்காரியிடம் அதைச் சொல்லலாமா? உள்ளே இருக்கிற முந்திரி பாதாமைப் பிட்டுக் காட்டி ஒரு மணி நேரம் பாடம் எடுத்தேன். இப்போது ஊருக்குப் போனால் அவளுக்கு இரண்டு கிலோ தனியாகக் கட்டச் சொல்கிறாள்.

ஆஃபர் லெட்டர் வந்தால் உன் பெயரை மறைத்துவிட்டு எனக்கு அனுப்பு, அரபிப் பக்கத்தையும் சேர்த்து. பேசிக், கோடை மாதச் சம்பளம், டிக்கெட் மூன்றையும் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அந்த ஆளுக்கு அட்வான்ஸ் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே.