குளிர் பிரதேசத்தில் கொய்மலர்: ஹீட்டர் இல்லாமலே பருவத்தை நீட்டலாம்

கேள்வி: எங்கள் பகுதியில் கடுங்குளிர். இலையுதிர் காலம் பாதி போவதற்குள் உறைபனி வந்து ஜினியாவையும் டேலியாவையும் கருக்கிவிடுகிறது. வசந்தத்திலோ முதல் பூவை வெட்ட வெகுநாள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. சென்ற குளிர்காலத்தில் வளைவுக் கம்பிகள் நட்டு, மேலே பாலித்தீன் மூடி ஸ்நாப்டிராகன் நாற்றுகளை வைத்தேன். பாதி கருகின, மீதி அழுகின. பெரிய குடில் கட்டி ஹீட்டர் வைத்தால் பலன் இருக்குமா?

பதில்: ஹீட்டர் எண்ணத்தை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். குளிர்காலத்தின் நடுவில் உங்களுக்குப் பற்றாக்குறை சூடு மட்டுமல்ல, வெளிச்சமும்தான். பகல் பொழுது 10 மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான செடிகளின் வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுவிடும். அந்த நாட்களில் சூட்டை மட்டும் ஏற்றினால் தண்டு வெளிறி, நெட்டையாக ஓடி, பூவின் கனம் தாங்காமல் சாயும். எரிபொருள் ஹீட்டரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சரியாக எரியாத புகையில் எத்திலீன் வாயு இருக்கும். ஸ்நாப்டிராகன், லார்க்ஸ்பர் போன்றவை அது பட்டாலே பூ உதிர்த்துவிடும்.

உங்கள் நாற்றுகள் கருகியதற்கும் அழுகியதற்கும் காரணம் வேறு வேறு. சாதாரண பாலித்தீன், மண்ணிலிருந்து இரவில் எழும் வெப்பக் கதிர்களைத் தடுக்காது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் மூடிய குடிலுக்குள் இருக்கும் காற்று வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துபோவதுகூட உண்டு. எனவே பாலித்தீனை நம்பிச் செடியை விடாதீர்கள். அது காற்றையும் பனியையும் மழையையும் தடுக்கட்டும். இரவுக் குளிரைத் தாங்க, உள்ளே தாழ்வான வளைவுகளின் மேல் நெய்யாத துணிப் போர்வை ஒன்று வேண்டும். சதுர மீட்டருக்கு 17 கிராம் எடையுள்ள போர்வை சுமார் 2 டிகிரி பாதுகாப்புத் தரும். 30 கிராம் போர்வை அதைவிடக் கூடுதலாகக் காக்கும். ஆனால் வெளிச்சத்தையும் கூடுதலாகத் தின்றுவிடும் என்பதால் கடும் இரவுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். போர்வை இலையில் படக்கூடாது; பட்ட இடம் முதலில் கருகும். உறைபனி வரும் என்று தெரிந்தால் முந்தைய பகலிலேயே பாத்திக்கு நீர் பாய்ச்சுங்கள். ஈர மண் வறண்ட மண்ணைவிட அதிகச் சூட்டைச் சேமித்து இரவில் விடும்.

அழுகலுக்குக் காரணம் நீங்கள் மூடியது அல்ல, திறக்காமல் விட்டது. வெளியே உறையும் குளிராக இருந்தாலும், வெயில் அடித்தால் மூடிய குடிலுக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டிவிடும். செடி இளகிவிடும், இரவில் மீண்டும் உறையும்போது தாங்காது. காலையில் பாலித்தீனின் உட்புறத்தைப் பாருங்கள். முத்து முத்தாகக் கோத்திருக்கும் நீர்த்துளிகள் அப்படியே மொட்டின் மேல் சொட்டும். இதழில் ஊசிமுனை அளவுப் புள்ளி விழும். பிறகு சாம்பல் நிறப் பூஞ்சை படர்ந்து மொட்டே அழுகும். வெயில் ஏறத் தொடங்கியதும் பக்கவாட்டுப் பாலித்தீனைச் சுருட்டி, மாலைக்கு முன் இறக்கிவிடுங்கள். இந்த ஒரு வேலையை நாள் தவறாமல் செய்ய ஆளில்லை என்றால் குடிலே வேண்டாம் என்பேன்.

இனி எதை நடுவது? குளிரை விரும்பும் பூக்களைத்தான். லார்க்ஸ்பர், கார்ன்ஃபிளவர், நைஜெல்லா, ஸ்நாப்டிராகன், ஸ்வீட் பீ ஆகியவற்றை முதல் உறைபனிக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன் விதையுங்கள். கார்ன்ஃபிளவர், நைஜெல்லா, லார்க்ஸ்பர் மூன்றையும் நேரடியாகப் பாத்தியிலேயே விதைக்கலாம். லார்க்ஸ்பர் விதை சூடான மண்ணில் முளைக்காது. மண் குளிரும் வரை பொறுங்கள். இவை சின்னஞ்சிறு இலைக்கொத்தாகவே குளிர்காலத்தைக் கழித்து, மண்ணுக்கடியில் வேர் பரப்பிக்கொள்ளும். பகல் நீண்டதும் வேகமாக எழும். வசந்தத்தில் விதைத்தவற்றைவிட வாரக்கணக்கில் முந்திப் பூக்கும், தண்டும் தடிமனாக இருக்கும்.

ரனங்குலஸ் எனக்கு மிகவும் பிடித்த பயிர். பலர் அதை அவசரத்தில் கெடுத்துவிடுகிறார்கள். உலர்ந்த கிழங்கை 3 அல்லது 4 மணி நேரம் மட்டும் நீரில் ஊறவையுங்கள். அதற்கு மேல் போனால் அழுகும். பிறகு ஈர மண்கலவையில் பரப்பி, 10 டிகிரிக்கு மிகாத இருட்டறையில் ஏறத்தாழ இரண்டு வாரம் வையுங்கள். வெள்ளை வேர்முடி எட்டிப் பார்த்ததும், விரல் போன்ற கால்கள் கீழே இருக்குமாறு நடுங்கள். உங்கள் குளிர் மிகக் கடுமையென்றால், குளிர்காலக் கடைசியில் குடிலுக்குள் நடுவதே நல்லது. மண் சூடேறினால் செடி மஞ்சளித்து உறங்கிவிடும். அதற்குள் பூ எடுத்தாக வேண்டும். மொட்டு முழு நிறம் காட்டி, விரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்கும் நிலையில் வெட்டுங்கள்.

ஸ்நாப்டிராகனில் நான்கைந்து ஜோடி இலை வந்ததும் நுனி கிள்ளுங்கள். பக்கக் கிளைகள் பெருகும். விதை வாங்கும்போது குறைந்த வெளிச்சத்திலும் குளிரிலும் பூக்கும் வகையா, கோடைக்கான வகையா என்று கேட்டு வாங்குங்கள். கோடை வகையை முன்பருவத்தில் வைத்தால் இலை மட்டுமே பார்ப்பீர்கள்.

இலையுதிர்காலத்துக்கு அவ்வளவு பாடில்லை. டேலியா வரிசையின் மேல் முதல் உறைபனிக்கு முன்பே குடில் இருந்தால் இன்னும் சில வாரங்கள் பூ வெட்டலாம். தாமதமாகப் பூக்கும் சாமந்தி இன்னும் பொருத்தம்: பகல் குறுகும்போது தானாக மொட்டுக் கட்டும், மொட்டைக் காக்கப் போர்வை போதும். இரவில் அதன் மேல் விளக்கு வெளிச்சம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; பட்டால் மொட்டு வைக்காது.

பெரிய குடில் கட்டுவதற்கு முன் ஒரே பாத்தியில் வளைவும் போர்வையும் வைத்துத் தொடங்குங்கள். குறைந்த, அதிக வெப்பத்தைப் பதிவு செய்யும் வெப்பமானி ஒன்றைச் செடியின் உயரத்தில் தொங்கவிட்டு, தினமும் குறித்து வாருங்கள். எந்த எடைப் போர்வை தேவை, எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும் என்பதை அந்தக் குறிப்பை வைத்து முடிவு செய்துகொள்ளலாம்.