பி.ஆர். இருந்தால் டொலர் மாற்றலாமா?

கேள்வி: வெள்ளவத்தை காலி வீதியில் போட்டோகொப்பி, ரீலோட் கடை வைத்திருக்கிறேன். விடுமுறைக்கு வரும் கனடா, லண்டன்காரர்கள் காசு மாற்ற இடம் கேட்கிறார்கள். பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பதிவு (பி.ஆர்.) கையில் இருக்கிறது. அதை வைத்தே தொடங்கலாமா? ரொறன்ரோவில் இருக்கும் மச்சான், "டொலரை இங்கே நான் வாங்குகிறேன், ரூபாயை அங்கே நீ கொடு" என்கிறான். அது சரிவருமா ஐயா?
- ஒரு வாசகர், கொழும்பு 6

பதில்: தம்பி, முதல் கேள்விக்கு இல்லை. இரண்டாவதுக்கு இல்லவே இல்லை.

பி.ஆர். என்பது கடையின் பெயரைப் பதிந்ததற்கான துண்டு, அவ்வளவுதான். வெளிநாட்டு நோட்டு வாங்கி விற்க மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் வேண்டும். 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கோட்டை ஜனாதிபதி மாவத்தையில் மத்திய வங்கிக்குப் போய், வெளிநாட்டுச் செலாவணித் திணைக்களத்தில் இப்போதைய நிபந்தனைகளைக் கேட்டு வாங்குங்கள். யாரோ தரகர் கொடுக்கும் பழைய படிவத்தை நம்பாதீர்கள். ரீலோட் கடையோடு ஒட்டாமல் இதற்கென்று தனிக் கம்பனி பதிவது நல்லது. போடும் முதல் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். "மச்சான் அனுப்பினார்" என்றால் போதாது, வங்கிக் கணக்கில் அது தெரிய வேண்டும். அனுமதி கிடைத்தாலும் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும்.

இதெல்லாம் அலைச்சல்தான், பெரிய கஷ்டமில்லை. கஷ்டம் கடை திறந்த பிறகு. நான் கோட்டையில் ஒரு காசு மாற்றும் கடையில் 11 வருடம் கணக்கெழுதினேன். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் முதலாளியின் சிநேகிதர் ஒருவர் யூரோக் கட்டோடு வந்தார். தெரிந்த ஆள்தானே என்று கடவுச்சீட்டு இலக்கத்தை எழுதாமல் பற்றுச்சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன். பிறகு சோதனைக்கு வந்த அதிகாரி புத்தகத்தைப் புரட்டி, சரியாக அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார். கையெழுத்து என்னுடையது. விளக்கக் கடிதம் எழுதியே மூன்று வாரம் போனது. 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டப்படி வாடிக்கையாளரின் அடையாளத்தைப் பார்த்துப் பதிய வேண்டும், பதிவை 6 வருடம் வைத்திருக்க வேண்டும். சந்தேகமான கொடுக்கல் வாங்கல் என்றால் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். மாமா, சித்தப்பா என்று சொந்தக்காரர்தான் உங்கள் வாடிக்கையாளர் என்றால், அவர்களிடம் பாஸ்போர்ட் கேட்க உங்களுக்கு வாய் வருமா? அதை முதலில் யோசியுங்கள்.

விலையிலும் கவனம். 2022இல் டொலருக்கு நாடே அலைந்தபோது, வங்கி விலைக்கு மேல் கொடுத்த கடைகள் மீது மத்திய வங்கி கை வைத்தது. கூட்டம் வருகிறதே என்று இரண்டு ரூபாய் கூட்டிக் கொடுக்கத்தான் மனம் போகும்.

சரி, மச்சானுக்கு வருவோம். அவர் சொல்வதன் பெயர் உண்டியல். அங்கே டொலர், இங்கே ரூபாய், நடுவில் எந்தப் பதிவும் இல்லை. நோட்டு மாற்றும் அனுமதி அதற்குச் செல்லாது. கடையில் ஒரு தடவை நடந்தாலும் மாட்டுவது நீங்கள், மச்சான் ரொறன்ரோவில் இருப்பார். அவர் உதவ விரும்பினால் வங்கி மூலம் முதல் போடட்டும்.

அனுமதிப்பத்திரம் கைக்கு வரும்வரை போட்டோகொப்பியையே பாருங்கள். பெயர்ப்பலகையை இப்போது அடிக்கக் கொடுக்க வேண்டாம்.